குழந்தைக்கு ஆஸ்பெர்கரா? மருத்துவர்கள் எப்படிக் கண்டறிகிறார்கள்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் மகனுக்கு ஒன்பது வயதில்தான் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்களோடு உறவாடுவதில் சிரமமும், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தையும் சேர்ந்து வரும் வளர்ச்சி வேறுபாடு அது. அதுவரை பிடிவாதக்காரன், அதிகப்பிரசங்கி, செல்லம் கொடுத்துக் கெட்டவன் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இப்போது தெரபி மையத்தின் வெளி பெஞ்சில் மற்ற பெற்றோரோடு உட்கார்ந்திருக்கும்போது, அன்று நான் கேட்ட அதே கேள்விகளை அவர்கள் கேட்கிறார்கள். பதில் தெரியாமல் நான் அழுத இரவுகள் நினைவுக்கு வருகின்றன. அதனால் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும், பட்டும் தெரிந்துகொண்டவை இவை. கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

"ஒரு டாக்டர் ஆஸ்பெர்கர்னு சொன்னாங்க. இன்னொருத்தர் ஆட்டிசம்னு எழுதிட்டார். எது சரி?"

இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். மனநலக் கோளாறுகளைக் கண்டறியும் விதிகளுக்காக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் டிஎஸ்எம் கையேட்டின் நான்காம் பதிப்பில், 1994-இல், ஆஸ்பெர்கர் ஒரு தனிப் பெயராக இருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்ற ஒரே பெயருக்குள் சேர்த்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலும் அப்படியே செய்தது. அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அதனால் இன்றைக்கு அறிக்கையில் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், லெவல் 1, அறிவுத்திறன் குறைபாடு இல்லை, மொழிக் குறைபாடு இல்லை' என்பது போல இருக்கும். அதே குழந்தையை முன்பு பார்த்திருந்தால் பெரும்பாலும் ஆஸ்பெர்கர் என்று எழுதியிருப்பார்கள். பேச்சில் பல மருத்துவர்கள் இன்னும் பழைய பெயரைச் சொல்கிறார்கள், பெற்றோருக்குச் சட்டென்று புரியும் என்பதால்.

"நல்லா இருந்த பேரை ஏன் எடுத்தாங்க?"

முக்கியக் காரணம், மருத்துவர்களாலேயே அதைச் சீராகப் பயன்படுத்த முடியவில்லை. பழைய விதிப்படி இரண்டு வயதுக்குள் ஒற்றைச் சொற்களும் மூன்று வயதுக்குள் சிறு தொடர்களும் பேசியிருந்தால் ஆஸ்பெர்கர், பேச்சு தாமதமாகியிருந்தால் ஆட்டிசம். எட்டு வயதுக் குழந்தையின் அம்மாவிடம் 'ரெண்டு வயசில் என்ன பேசினான்' என்று கேட்டு, அந்த ஞாபகத்தை வைத்துப் பெயர் முடிவாகும். அமெரிக்காவில் பல ஆய்வு மையங்களை ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு குழந்தைக்கு ஆஸ்பெர்கரா வேறு பெயரா என்பது குழந்தையின் தன்மையைவிட எந்த மையத்துக்குப் போனார்கள் என்பதைப் பொறுத்தே அதிகம் மாறியது என்று காட்டியது.

பெயருக்குப் பின்னால் வருத்தமான வரலாறும் இருக்கிறது. ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வியன்னாவில் குழந்தை மருத்துவர். 1944-இல் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதினார். லோர்னா விங் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1981-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது. நாஜி ஆட்சியில் ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்ட ஆம் ஷ்பீகெல்க்ருண்ட் என்ற மருத்துவமனைக்கு ஆஸ்பெர்கர் குழந்தைகளை அனுப்பியிருந்ததை, ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் 2018-இல் ஆவணங்களோடு வெளியிட்டார். கையேட்டில் பெயர் போனது அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே. ஆனாலும் இதைப் படித்த பிறகு அந்தப் பெயரைச் சொல்ல மனம் வராதவர்கள் பலர் உண்டு. நானும் வீட்டில் சொல்வதில்லை. இந்தப் பக்கத்தில் வைத்திருப்பதற்குக் காரணம், பெற்றோர் இன்னும் அந்தப் பெயரை வைத்துத்தான் தேடுகிறார்கள்.

"ஒரு பிளட் டெஸ்ட், ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடாதா?"

தெரியாது. ஆட்டிசத்தை உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனையோ எம்ஆர்ஐயோ இல்லை. குழந்தையின் நடத்தையையும் வளர்ந்த வரலாற்றையும் வைத்தே மருத்துவர் முடிவு செய்கிறார்.

சில பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுப்பார்கள், அவை வேறு காரணத்துக்கு. காது கேட்கிறதா என்று பார்ப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. வலிப்பு வந்திருந்தால், அல்லது வலிப்போ என்று சந்தேகம் இருந்தால் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி. முக அமைப்பு, வளர்ச்சித் தாமதம், குடும்பத்தில் இதுபோல வேறு யாராவது என்று சந்தேகம் வந்தால் குரோமோசோம் மைக்ரோஅரே, ஃபிரஜைல் எக்ஸ் போன்ற மரபணுப் பரிசோதனைகள். இவை எல்லாம் இயல்பாக வந்ததாலேயே ஆட்டிசம் இல்லை என்று ஆகிவிடாது. 'ஸ்கேன் நார்மல், கவலையே வேண்டாம்' என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு வருடத்தை விட்ட பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

"யார்கிட்ட போகணும்? எங்க ஊர் குழந்தை டாக்டரே சொல்லிடுவாரா?"

முதலில் அவரிடம்தான் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் அவர் அடுத்த ஆளுக்கு அனுப்புவார். கண்டறியும் பயிற்சி உள்ளவர்கள் வளர்ச்சி நிலைக் குழந்தை மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர். இவர்களோடு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும், ஓடி எனப்படும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோரும் பார்த்து ஒரே முடிவுக்கு வருவது நல்லது. சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பக்கம் போக நினைப்பவர்கள், அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் டிஇஐசி என்ற ஆரம்பகால இடையீட்டு மையத்தை மாவட்டத்தில் விசாரிக்கலாம். பதினெட்டு வயது வரை பார்க்கும் ஒரு தேசியத் திட்டத்தின் கீழ் அது நடக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களுக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் போகின்றன.

"முதல் நாள் என்னெல்லாம் கேப்பாங்க? நான் என்ன எடுத்துட்டுப் போகணும்?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் வெறுங்கையோடு போனேன். 'சின்ன வயசில் எப்படி இருந்தான்?' என்று மருத்துவர் கேட்டதும் 'நல்லாத்தான் இருந்தான் டாக்டர்' என்று சொல்லிவிட்டேன். கண்டறிதலில் பாதி அந்த வரலாற்றில்தான் இருக்கிறது என்று அப்போது தெரியாது.

கர்ப்ப காலம், பிறந்த எடை, குறைமாதமா, இன்குபேட்டரில் இருந்ததா, வலிப்பு வந்ததா என்று தொடங்குவார்கள். நடந்தது எப்போது, பேசியது எப்போது என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு வரும் கேள்விகள்தான் முக்கியம். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினாளா? பிஸ்கட் வேண்டும் என்று கை காட்டியது சரி, வேண்டாததையும் காட்டினாளா, அதாவது நிலாவையோ நாயையோ காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாளா? சொப்புச் சாமானில் சோறு பொங்கி உங்களுக்கு ஊட்டினாளா, அல்லது சொப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தாளா? பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வந்தால் சேர்ந்து விளையாடினாளா, பக்கத்தில் உட்கார்ந்து தனியாக விளையாடினாளா?

புலன்களைப் பற்றியும் கேட்பார்கள். மிக்ஸிக்கோ குக்கர் விசிலுக்கோ காதைப் பொத்திக்கொள்வது, தீபாவளி என்றால் கட்டிலுக்கு அடியில் போவது, முடிவெட்டும் கடையில் ரணகளமாவது, சட்டைக் கழுத்து லேபிளை வெட்டினால்தான் போடுவது, வெள்ளையாக இருக்கும் உணவை மட்டும் சாப்பிடுவது எல்லாம் அதில் சேரும். ஸ்கூலுக்குப் போகும் வழியை மாற்றினால் என்ன ஆகும் என்றும் கேட்பார்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: தடுப்பூசி அட்டை, பள்ளி ரேங்க் கார்டுகள், டைரியில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள், முந்தைய பரிசோதனை முடிவுகள். எல்லாவற்றையும்விட, பழைய வீடியோக்கள். முதல் பிறந்தநாள், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா என்று எதுவானாலும் சரி. எங்கள் மகனின் முதல் பிறந்தநாள் வீடியோவில் இருபது பேர் கைதட்டிப் பாட, அவன் மேலே சுற்றும் மின்விசிறியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு வருடம் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். மருத்துவர் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். பாட்டியோ சித்தியோ குழந்தையை வளர்த்திருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். அம்மாக்கள் மறந்தது பாட்டிகளுக்கு நினைவிருக்கும்.

"என் பையன் ஒன்றரை வயசுலயே நல்லா பேசினான். பேசுற பிள்ளைக்கு எப்படி ஆட்டிசம் வரும்?"

ஆஸ்பெர்கர் என்று சொல்லப்பட்ட குழந்தைகளின் அடையாளமே இதுதான். சொற்கள் நிறைய இருக்கும், சில சமயம் வயதுக்கு மீறியும் இருக்கும். ஆஸ்பெர்கர் தம்மிடம் வந்த சிறுவர்களைக் குட்டிப் பேராசிரியர்கள் என்று குறிப்பிட்டார். பேசத் தெரிகிறதா என்பதோடு மருத்துவர் நிற்க மாட்டார். அந்தப் பேச்சை இன்னொருவரோடு உறவாட எப்படிப் பயன்படுத்துகிறான் என்று பார்ப்பார். என் மகன் ஐந்து வயதில் 21ஜி தாம்பரத்திலிருந்து பிராட்வே, 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான். கேட்பவர் கொட்டாவி விட்டாலும், எழுந்து போனாலும், நிறுத்தத் தெரியாது. 'நீங்க எந்த பஸ்ல வந்தீங்க?' என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

சொல்லுக்குள் இருக்கும் சொல் புரியாமல் போவதும் உண்டு. கடையில் பால் இருக்கிறதா பார் என்று அனுப்பினால், போய்ப் பார்த்துவிட்டு 'இருக்கு' என்று வெறுங்கையோடு திரும்புவான். 'காதுல பூ சுத்தாதே' என்றால் காதைத் தடவிப் பார்ப்பான். தமிழ்க் குடும்பங்களில் நான் கவனித்த இன்னும் இரண்டு உண்டு. சில குழந்தைகள் வீட்டுப் பேச்சை விட்டுவிட்டு டிவியில் டப்பிங் செய்த கார்ட்டூன் மாதிரி 'அம்மா, எனக்குப் பசிக்கிறது' என்று எழுத்துத் தமிழில் பேசுவார்கள். தாத்தாவிடம் 'நீங்க', தம்பியிடம் 'நீ' என்று ஆளுக்கேற்ப மாற்றுவதை மற்ற குழந்தைகள் யாரும் சொல்லித் தராமலே பிடித்துக்கொள்கிறார்கள், இவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. இப்படி ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஆங்கிலக் கேள்வித்தாளில் இதற்கு இடம் இருக்காது.

"எத்தனை அறிகுறி இருந்தா ஆட்டிசம்னு உறுதி பண்ணுவாங்க?"

டிஎஸ்எம்-5 விதிகளில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதி சமூக உறவாடல். அதில் மூன்று கூறுகள்: பேச்சிலும் உணர்விலும் கொடுத்து வாங்கும் தன்மை; பார்வை, முகபாவம், சைகை போன்ற சொல்லற்ற தொடர்பு; நட்பை உருவாக்கி வைத்துக்கொள்வது. மூன்றிலுமே சிரமம் இருக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் நான்கு கூறுகள்: ஒரே அசைவையோ பேச்சையோ திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தை ஏற்க முடியாத பிடிவாதம், மிகத் தீவிரமான குறுகிய ஆர்வங்கள், புலன்களின் மிகையான அல்லது குறைவான எதிர்வினை. இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இப்போது இல்லாமல் முன்பு இருந்திருந்தாலும் கணக்கில் வரும்.

இது போதாது. இவை சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையை உண்மையாகப் பாதிக்க வேண்டும், வெறும் அறிவுத்திறன் குறைபாட்டால் வந்ததாக இருக்கக் கூடாது. ரயில் மேல் பைத்தியமாக இருக்கும் குழந்தைகள் ஏராளம். நண்பர்களோடு சேர்ந்து ரயில் விளையாட்டு விளையாடி, அவர்களையும் ஓட்டுநராக விடுகிற குழந்தைக்கு மருத்துவர் ஆட்டிசம் என்று எழுத மாட்டார்.

"என் கண்ணைப் பார்த்துதான் பேசுறா. அப்போ இல்லைதானே?"

என் காதில் அதிகமாக விழுந்த கேள்வி இது. கண்ணைப் பார்ப்பது ஒன்றை மட்டும் வைத்து உறுதி செய்யவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. அம்மாவின் கண்ணைப் பார்க்கிற, அந்நியரைப் பார்க்காத குழந்தைகள் உண்டு. பயிற்சி கொடுத்து வெறித்துப் பார்க்கப் பழகியவர்களும் உண்டு. அதுபோக, பெரியவர்களை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காதே என்று சொல்லி வளர்க்கிற வீடுகள் நம்முடையவை.

அனுபவமுள்ள மருத்துவர் பார்வையை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. பார்வையும் சிரிப்பும் சொல்லும் கையசைவும் ஒரே நேரத்தில் இழைந்து வருகின்றனவா என்று கவனிப்பார். சுவாரசியமான ஒன்றைக் கண்டதும், அதைப் பகிர்ந்துகொள்ள எதிரில் இருப்பவரின் முகத்துக்குப் பார்வை போகிறதா? மேலே சொன்ன நிலாவுக்கும் நாய்க்கும் அதே காரணம்தான்.

"ஒரு ரூம்ல உட்கார வெச்சு விளையாட விட்டாங்க. அதுல என்ன தெரியும்?"

அது பெரும்பாலும் ஏடாஸ்-2 என்ற கூர்நோக்கு முறையாக இருக்கும், அல்லது அதைப் போன்ற ஒன்றாக. 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். குழந்தையின் பேச்சுத் திறனுக்கு ஏற்ப ஐந்து தொகுதிகள் உள்ளன. சரளமாகப் பேசும் பள்ளிக் குழந்தைக்கு மூன்றாம் தொகுதி. எழுத்தே இல்லாத படப் புத்தகத்தைப் பார்த்துக் கதை சொல்லச் சொல்வார்கள். பல் தேய்ப்பதை, பிரஷ் இல்லாமல், நடித்துக் காட்டச் சொல்வார்கள். பொம்மைகளை வைத்து விளையாடச் சொல்வார்கள். நண்பன் என்றால் யார், எப்போது கோபம் வரும், தனிமை என்றால் என்ன என்று பேச்சுக் கொடுப்பார்கள்.

இதில் சரியான விடை, தவறான விடை கிடையாது. பரிசோதகர் நடுவில் 'நான் போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார். பல குழந்தைகள் 'எந்த ஊரு?' என்று கேட்பார்கள். என் மகன் ஒன்றும் கேட்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். கதவுக்கு வெளியே உட்கார்ந்து 'கேளுடா, கேளுடா' என்று வேண்டிக்கொண்டேன். தயவுசெய்து வீட்டில் ஒத்திகை பார்த்து அனுப்பாதீர்கள். உங்கள் குழந்தைக்கு எங்கே உதவி தேவை என்பதை நீங்களே மறைத்துவிடுவீர்கள்.

பெற்றோரிடம் நடத்தும் ஏடிஐ-ஆர் என்ற நேர்காணலும் உண்டு. 93 கேள்விகள், இரண்டரை மணி நேரம் வரை போகலாம். கார்ஸ்-2 அளவுகோலில் நன்றாகப் பேசும் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் படிவம் இருக்கிறது. இந்தியாவில் உருவானவற்றில் இன்க்ளென் அமைப்பின் ஐஎன்டிடி-ஏஎஸ்டியும், டெல்லி எய்ம்ஸ் அதைத் திருத்திய வடிவமும் மருத்துவர்கள் கையில் இருக்கின்றன. ஏடாஸ் செய்யவில்லை என்பதற்காக உங்கள் அறிக்கை செல்லாது என்று நினைக்க வேண்டாம். முழு வரலாறும், பள்ளித் தகவலும், நேரடிக் கவனிப்பும், அனுபவமும் சேர்ந்தால் போதுமானது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஒன்றுமே கேட்காமல் முடிவு சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

"நெட்ல ஒரு கேள்வித்தாள் போட்டேன். ஸ்கோர் அதிகமா வந்துச்சு. பயமா இருக்கு."

பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். அவை சல்லடை போன்றவை, யாரை மேலும் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டுபவை. பலரும் போடும் எம்-சாட் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. ஏழு வயதுப் பையனுக்கு அதைப் போட்டுப் பயனில்லை. பள்ளி வயதுக்கு, ஆஸ்பெர்கர் வகையை மனதில் வைத்தே உருவாக்கிய காஸ்ட், ஏஎஸ்எஸ்கியூ போன்றவை தனியாக உண்டு. மதிப்பெண்ணை விட, எந்தக் கேள்விகளுக்கு 'ஆமாம்' போட்டீர்கள் என்பதை உதாரணத்தோடு எழுதிக் கொண்டுபோங்கள்.

"நல்லா படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு ஐக்யூ டெஸ்ட்?"

திறன்கள் எங்கே ஏறி எங்கே இறங்குகின்றன என்று பார்க்க. நம் ஊரில் பினே-காமத், எம்ஐஎஸ்ஐசி, வெக்ஸ்லர் ஆகியவை வழக்கம். மொத்த எண் 115 என்று நன்றாகவே வரும், ஆனால் வேகமாக எழுதும் பகுதியில் மட்டும் சரிந்திருக்கும். 'விடை தெரிந்தும் பரீட்சையில் எழுதி முடிக்க மாட்டேங்கிறான்' என்ற புகாருக்கு அங்கே காரணம் கிடைக்கும். கூடவே வைன்லேண்ட் போன்ற அன்றாடத் திறன் அளவையும் எடுப்பார்கள். சூரியக் குடும்பத்தை விளக்குகிற குழந்தைக்குச் சட்டைப் பட்டன் போட வராது என்பது அதில் தெரியும்.

வீட்டில் தமிழ் பேசும் குழந்தையை ஆங்கிலத்திலேயே சோதித்தால் அதை அறிக்கையில் குறிப்பிடச் சொல்லுங்கள். கதை சொல்லும், உணர்வைப் பேசும் பகுதிகளைக் குழந்தைக்கு வசதியான மொழியில்தான் செய்ய வேண்டும்.

"முதல்ல ஏடிஹெச்டின்னு மருந்து கொடுத்தாங்க. இப்ப ஆட்டிசம்ங்கிறாங்க. அப்போ முதல்ல சொன்னது தப்பா?"

ஏடிஹெச்டி என்பது கவனக் குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும். முதலில் சொன்னது தப்பாக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே குழந்தையிடம் இருப்பது சகஜம். 2013 வரை கையேட்டு விதி இரண்டையும் சேர்த்து எழுத அனுமதிக்கவில்லை, டிஎஸ்எம்-5 அதை மாற்றியது.

ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஏடிஹெச்டி உள்ள குழந்தைக்கு விளையாட்டின் விதி தெரியும், பொறுமையாகத் தன் முறைக்குக் காத்திருக்க முடியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எழுதாத விதிகளே பிடிபடாது. சமூகப் பதற்றம் உள்ள குழந்தை வெளியில் ஊமையாகி, வீட்டில் கலகலப்பாக, எல்லோர் மனதையும் புரிந்துகொண்டு பேசும். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில் வரும் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் குழந்தைக்கே தொல்லை. ஆட்டிசத்தில் அது பெரும்பாலும் ஆறுதல். உறவாடும் பேச்சில் மட்டும் சிரமம் இருந்து, இரண்டாம் பகுதி அறிகுறிகள் முன்பும் இப்போதும் இல்லையென்றால் டிஎஸ்எம்-5 அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. மருத்துவர் இரண்டு மூன்று முறை வரச் சொல்வது இவற்றைப் பிரித்தறியத்தான்.

"டீச்சர் 'ரொம்ப அமைதியான பொண்ணு'ங்கிறாங்க. வீட்டுக்கு வந்தா ஒரு மணி நேரம் கத்தி அழுறா. யார் சொல்றதை டாக்டர் நம்புவார்?"

இரண்டையும். பகல் முழுக்க மற்றவர்களைப் பார்த்து நடித்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு வருகிற குழந்தை, பாதுகாப்பான இடத்தில் உடைந்து அழும். இப்படி மறைத்துக்கொள்வது பெண் குழந்தைகளிடம் கூடுதலாக இருப்பதாகப் பேசப்படுகிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் நாலு பையனுக்கு ஒரு பெண் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு, உண்மை விகிதம் மூன்றுக்கு ஒன்றுக்கு அருகில் இருக்கும் என்றது. பெண் குழந்தைகள் பலர் கண்ணில் படாமலே போகிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

பெண் குழந்தையின் ஆர்வம் பஸ் நம்பராக இருக்காது. பூனையாகவோ, ஒரே தோழியாகவோ, ஒரு கதைத் தொடராகவோ இருக்கும். பார்ப்பவர்களுக்கு வித்தியாசமாகத் தெரியாது. எதன் மேல் ஆர்வம் என்பதை விட, அது எவ்வளவு தீவிரம், அதைத் தடுத்தால் என்ன ஆகிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் நடப்பதைப் போனில் எடுத்துப் போங்கள், ஆனால் அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அது உங்கள் மகளின் மானம்.

"மாமியார் நான் மொபைல் கொடுத்ததாலதான்னு சொல்றாங்க. டாக்டரும் போனை நிறுத்துங்கன்னு சொன்னார்."

திரையை நீண்ட நேரம் பார்ப்பது பேச்சையும் தூக்கத்தையும் விளையாட்டையும் கெடுக்கும். அதனால் மருத்துவர் குறைக்கச் சொல்கிறார், அதைக் கேளுங்கள். ஆனால் திரை பார்ப்பதால் வருவதாகச் சிலர் சொல்லும் 'வெர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒரு நோய்ப் பெயர் டிஎஸ்எம்-இலும் இல்லை, ஐசிடி-இலும் இல்லை. ஆட்டிசத்தில் பரம்பரையின் பங்கு மிகப் பெரிது, இரட்டையர், குடும்ப ஆய்வுகள் அதை 80 சதவீதத்தை ஒட்டி வைக்கின்றன. தாயின் அன்புக் குறைவுதான் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதினார்கள். அது தவறு என்று கைவிடப்பட்டு வெகு காலம் ஆகிறது. நீங்கள் கொடுத்த போனால் இது வரவில்லை அம்மா. இதை யார் உங்கள் வீட்டில் சொல்ல வேண்டுமோ, அவரை அடுத்த முறை மருத்துவரிடம் கூடவே கூட்டிப் போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் வீடு கொஞ்சம் அடங்கும்.

"ஒன்பது வயசாயிடுச்சு. இவ்வளவு லேட்டாவா தெரியும்?"

பேச்சு வராத குழந்தையை இரண்டு வயதிலேயே நம்பகமாகக் கண்டறிய முடிகிறது. பேசும் குழந்தை பள்ளிக்குப் போன பிறகுதான் பலர் கண்ணில் படுகிறது. சமூகம் எதிர்பார்ப்பது குழந்தையின் திறனைத் தாண்டும் வரை அறிகுறிகள் முழுதாக வெளிப்படாமல் இருக்கலாம் என்று டிஎஸ்எம்-5 விதியிலேயே இருக்கிறது. மூன்றாம், நான்காம் வகுப்பில் நட்பு என்பது ஓடிப் பிடிப்பதிலிருந்து ரகசியம் பேசுவதாக மாறும். அங்கேதான் இந்தக் குழந்தைகள் தனியாக நிற்கத் தொடங்குகிறார்கள்.

"லெவல் 1-னா லேசானதுதானே?"

எவ்வளவு ஆதரவு தேவை என்பதற்கான எண் அது. 1 என்றால் ஆதரவு தேவை, 2 என்றால் கணிசமாக, 3 என்றால் மிக அதிகமாக. உறவாடலுக்கு ஒரு லெவல், திரும்பச் செய்யும் நடத்தைக்கு ஒரு லெவல் என்று தனித்தனியாகவும் எழுதலாம். அது காலத்தோடும் இடத்தோடும் மாறும். லெவல் 1 குழந்தை ஒரு பள்ளியில் நிம்மதியாக இருந்து, இன்னொரு பள்ளியில் தினமும் வாந்தி எடுக்கலாம்.

"டாக்டர் ஆட்டிசம்னார். கவர்ன்மென்ட்ல ஐஎஸ்ஏஏ போட்டாங்க, 66 வந்துச்சு. 70-க்குக் கீழ, இல்லைன்னுட்டாங்க. இருக்கா இல்லையா?"

இங்கே இரண்டு வேலைகள் குழம்புகின்றன. ஐஎஸ்ஏஏ 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அதைத்தான் பரவலாகப் போடுகிறார்கள். அதில் பல கேள்விகள் பேச்சு வராத, அசைவுகள் வெளிப்படையாகத் தெரியும் குழந்தைகளுக்குப் பொருந்துபவை. நன்றாகப் பேசும் குழந்தைக்கு மதிப்பெண் கூடுவது கடினம். 66 வந்ததால் உங்கள் மருத்துவர் கண்டறிந்தது பொய்யாகிவிடாது. சான்றிதழ் அளவைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை ஏற்கிறது. பல சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இருக்க வேண்டும். அந்த அறையில் குழந்தை ஒரு மணி நேரம் நன்றாக நடந்துகொண்டிருந்தால், வீட்டிலும் பள்ளியிலும் நடப்பதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். பல கேள்விகளுக்கு மதிப்பெண் பெற்றோர் தரும் தகவலை வைத்தே போடப்படுகிறது. 'இப்ப பரவாயில்லைங்க' என்று கூச்சத்தில் சொல்லிவிடாதீர்கள்.

"ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொல்றாங்க. மூணாவது ஆள்கிட்ட போகலாமா?"

போகலாம். அதற்கு முன் இரண்டு அறிக்கைகளையும் எதிரெதிரே வைத்து, யார் என்ன தகவலைப் பார்த்தார் என்று கவனியுங்கள். ஒருவர் பள்ளிக் குறிப்பைக் கேட்டிருப்பார், மற்றவர் குழந்தையை மட்டும் பார்த்திருப்பார். மூன்றாமவரிடம் முந்தைய அறிக்கைகளை மறைக்காதீர்கள். இதற்கிடையில் தெரபியை நிறுத்தவும் வேண்டாம். பேச்சுப் பயிற்சியும் ஓடியும் குழந்தையின் சிரமத்தைப் பார்த்துத் தருபவை, பெயர் முடிவாகும் வரை அவை காத்திருக்கத் தேவையில்லை.

"பையன்கிட்ட சொல்லணுமா?"

சொல்லலாம் என்பதுதான் என் கருத்து. அவனைப் பற்றி எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுவது அவனுக்கு ஏற்கெனவே கேட்கிறது. மருத்துவரையே ஒருமுறை அவனோடு தனியாகப் பேசச் சொல்லுங்கள். எங்கள் மருத்துவர் பஸ் ரூட்டை வைத்தே விளக்கினார். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: 'அப்போ நான் கெட்ட பையன் இல்லையா?' நாலு வருடமாக அவன் என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஒரு தடவை ரிப்போர்ட் வாங்கிட்டா போதுமா, திரும்ப டெஸ்ட் எடுக்கணுமா?"

ஆட்டிசமா என்று ஒவ்வொரு வருடமும் உறுதி செய்யத் தேவையில்லை. ஆனால் தேவைகள் மாறும். ஆறாம் வகுப்புக்குப் போகும்போதும், வயதுக்கு வரும் காலத்திலும், திடீரென்று தூக்கமோ சாப்பாடோ பள்ளி செல்லும் விருப்பமோ குறைந்தாலும் மறுபடி பாருங்கள். பதற்றமும் மனச்சோர்வும் இந்தக் குழந்தைகளுக்குக் கூடுதலாக வருகின்றன, அவற்றுக்கு மருத்துவம் இருக்கிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை வேண்டுமானால் அதற்குரிய சான்றுகள் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே பள்ளியில் என்ன படிவம், யார் கையெழுத்து என்று கேட்டு, பழைய அறிக்கையைப் புதுப்பிக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். அசல் அறிக்கையை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.